நடுங்கிய படம், நடுங்காத படம்

அந்த லென்ஸை பண்டாரவளையில், மரக்கறிக் கடைகளைத் தாண்டி மேட்டில் இருக்கும் ஒரு கெமராக் கடையில் வாங்கினேன். யாரோ பாவித்துவிட்டு விற்றது. சூம் கிடையாது. ஒரே அகலம்தான், எதிரே நிற்பவரைக் கண் பார்க்கும் அகலம். அதன் பக்கவாட்டில் நகத்தளவில் ஒரு பொத்தான் இருந்தது. கடைக்காரர் அதை மேலும் கீழும் தள்ளிக் காட்டினார். அது ஸ்டெபிலைசர் என்றும், அதைப் போட்டுக்கொண்டால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது என்றும் சொன்னார். உள்ளே ஒரு கண்ணாடி மிதந்தபடி இருக்குமாம். கை ஒரு பக்கம் போனால் அது அதற்கு ஈடுகொடுத்து நகருமாம்.

இந்த லென்ஸுக்கு அது எதற்கு என்று கேட்டேன். தூரத்து மரத்தில் இருக்கும் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் நீள லென்ஸ் என்றால் எனக்குப் புரிகிறது. அதில் விரல் அசைந்தாலே படம் அழிந்துவிடும். இதுவோ பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பது, வாயும் அகலமானது, மங்கலான இடத்திலும் போதிய வெளிச்சத்தை உள்ளே விடும். கடைக்காரர் நேராகப் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தேவை என்னவென்று கேட்டதற்கு அணைத்து வைக்கலாம் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஆனாலும் வாங்கினேன். என்னிடம் இருந்த பழைய லென்ஸின் உள்ளே பூஞ்சணம் படர்ந்திருந்தது. மலையில் கெமரா வைத்திருப்பவர்களுக்கு அது புதிதல்ல.

பல வருடங்கள் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு பதுளையிலிருந்து செய்தியும் படமும் அனுப்பியவன் நான். அப்போது கற்றது எளிது: முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, பிறகு அழுத்து. அதற்கு மேல் ஒரு பொத்தான் என்ன செய்துவிடும் என்று பார்க்க, பதுளைக் கடைவீதியில் இருக்கும் என் மச்சானின் பலசரக்குக் கடைக்கு லென்ஸைக் கொண்டுபோனேன். கடையின் உட்பக்கம் பகலிலும் மங்கல். ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கி, மச்சான் பருப்பு நிறுப்பதைக் கையில் வைத்தே எடுத்தேன். பின்னால் இருந்த போத்தல்களின் மூடிகளில் அச்சிட்டிருந்த எழுத்துகூடத் தெரிந்தது. மச்சானின் முகம் புகையாக இருந்தது.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "போத்தலெல்லாம் அழகா விழுந்திருக்கு மச்சான். மொதலாளிதான் பேயாயிட்டாரு."

அதில் தெரிந்துகொண்டது இதுதான். அந்தக் கண்ணாடி எடுப்பவனின் நடுக்கத்தைத்தான் தணிக்கிறது, எதிரில் இருப்பவரின் அசைவை அல்ல. மனிதர்களைப் படம் எடுப்பவனுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்று முடிவு செய்தேன். ஆனால் பொத்தானை அணைக்காமல் விட்டுவிட்டேன்.

அந்தக் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு பெண், ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர், நான் பழைய பத்திரிகைக்காரன் என்பதை அறிந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மாவும் சீனியும் கட்டி முடியும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்து, வரிசை வீடுகளில் ஒன்றான தங்கள் லயத்துக் காம்பராவின் பின்சுவர் வெடித்திருக்கிறது என்றார். சுவருக்குப் பின்னால் மண்மேடு, மேட்டுக்கு மேல் தேயிலை. அந்தச் சுவரோரம்தான் அவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் படுக்கிறார்கள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொன்னபோது, அலவாங்குக் கம்பியால் குத்தினால் எந்தச் சுவரும் வெடிக்கும் என்றாராம்.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. மண்சரிவு அபாயத்தில் இருப்பவர்களுக்கே கட்டிக் கொடுக்கவிருக்கும் புதிய வீடுகளில் முதலிடம் என்று ஒரு பேச்சு தோட்டங்களில் உலவியது. அதிலிருந்து வெடிப்புக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. எல்லா வெடிப்பும் சந்தேகத்துக்கு உரியதாகவும் ஆகிவிட்டது.

"கீழ் லயத்துல ரெண்டு வீட்டுக்காரங்க அப்புடி செஞ்சாங்கதான் சார். இல்லேன்னு சொல்லல" என்றார் அவர். "அதுக்காக புள்ளைங்க தலமாட்டுல நானே போயி குத்துவேனா?"

குத்தமாட்டார் என்று நானும் உடனே நம்பிவிடவில்லை. மாவட்ட அலுவலகத்தில் மண்சரிவைப் பார்க்கும் அதிகாரி ஒருவரை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், சொன்னதை எழுதிக்கொள்ளும் முன் இரண்டு தரம் கேட்பவர். தெளிவான படம் ஒன்று அனுப்பினால் நேரில் வந்து பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்றார். அவர் பார்க்க வேண்டிய லயங்கள் ஏராளம்.

தீபாவளிக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணும் கணவரும் கட்டிலை வாசல் இஸ்தோப்புக்குத் தூக்கிப்போட்டு எனக்கு இடம் செய்து தந்தார்கள். வெடிப்பு தரையிலிருந்து இடுப்புயரம் வரை சாய்வாக ஏறியிருந்தது. முதலில் அதன் ஓரங்களைப் பார்த்தேன். அலவாங்கு பட்டிருந்தால் காரை சில்லுச் சில்லாகத் தெறித்திருக்கும், உள்ளே மண் புதிதாகத் தெரியும். இங்கே ஓரம் கூராக இருந்தது. உள்ளே அழுக்கு படிந்திருந்தது. ஓரிடத்தில் சிலந்தி வலையே கட்டியிருந்தது. என் சந்தேகம் அந்த வலையோடு பாதி குறைந்தது.

முக்காலியை விரித்து, கெமராவைப் பூட்டி, ஷட்டரை நன்றாக மெதுவாக்கி எடுத்தேன். முக்காலியில் இருக்கும்போது கை எதற்கு நடுங்கப்போகிறது? பொத்தானைப் பற்றி நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒன்றை அதிகாரிக்கு அனுப்பினேன். மறுநாள் பகல் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"இதில வெடிப்புக்கு ரெண்டு விளிம்பு தெரியுது" என்றார். "ஒண்டுக்குப் பக்கத்தில இன்னொண்டு, நிழல் மாதிரி. ஆரும் படத்தில கை வைச்சிருக்கினமோ?"

யாரும் தொடவில்லை என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பார்ப்பம் என்று வைத்துவிட்டார்.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வெடிப்பின் ஒவ்வொரு ஓரமும் இரட்டையாக இருந்தது. முதலில் முக்காலியின் காலைச் சந்தேகித்தேன், பிறகு மண்தரையை, பிறகு என் மூக்குக் கண்ணாடியை. கடைசியில் லென்ஸைச் சந்தேகித்தேன். மச்சானின் கடைச் சுவரில் இருந்த நாட்காட்டிக்கு முன்னால் முக்காலியை வைத்து, பொத்தானைப் போட்டும் அணைத்தும் மாறி மாறி எடுத்தேன். அணைத்தபோது எண்கள் கூராக இருந்தன. போட்டபோது சில படங்களில் எண்களுக்குப் பக்கத்தில் அவற்றின் ஆவி நின்றது. கை அசையாத இடத்தில் அந்தக் கண்ணாடி தன்பாட்டில் அசைந்து, இல்லாத நடுக்கத்தைத் தணிக்கப் பார்த்திருக்கிறது. புதிய லென்ஸ்கள் தாம் முக்காலியில் இருப்பதைக் கண்டுபிடித்து அடங்கிவிடும் என்று பிறகு படித்தேன். இது அந்த வகை இல்லை.

இரண்டாம் முறை பொத்தானை அணைத்துவிட்டு எடுப்பது என்று நினைத்துக்கொண்டு போனபோது தீபாவளி முடிந்திருந்தது. காம்பராவின் உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. நான்கு சுவரும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பின்சுவரில் வெடிப்பே இல்லை. மண்ணைக் குழைத்து அதை நிரப்பி, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். கணவர்தான் பேசினார். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், குரலை உயர்த்தாதவர்.

"தீவாளியும் அதுவுமா ஓட்ட செவுத்தோட இருக்க முடியுங்களா? சொந்தக்காரங்க வருவாங்க. இவ தங்கச்சிய பாக்க மாப்புள வீட்டுக்காரங்க வேற வந்தாங்க."

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குச் சுவர் பிடித்ததா என்று கேட்டேன்.

"செவுரு புடிச்சிருச்சு. பொண்ணுதான் கறுப்புன்னு போயிட்டாங்க."

அவருடைய மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கணக்கப்பிள்ளை பண்டிகைக்கு மறுநாள் வந்து எட்டிப் பார்த்தாராம். எங்கே உங்கள் வெடிப்பு, பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டதா என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தச் செய்தி மாவட்ட அலுவலகம் வரைக்கும் போயிருந்தது. நான் அதிகாரியை அழைத்தபோது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முதலில் இரண்டு வெடிப்பு, இப்போது ஒன்றும் இல்லை, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

இங்கே இதைச் சொல்ல வேண்டும். அந்த லயத்தில் யாரும் அவர்கள் செய்ததைத் தவறாக நினைக்கவில்லை. பண்டிகைக்கு வீட்டை வெள்ளையடிப்பது கேள்விக்கே இடமில்லாத காரியம். சுவர் அபாயம் என்பது ஒரு விஷயம், அது அழுக்காக இருப்பது வேறு விஷயம். அபாயத்துக்காக அழுக்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊவா மலைநாட்டில் வருடக் கடைசி மழை விட்டுவிட்டுப் பெய்யும் மழை அல்ல. பதுளை வீதிகளில் மண் சரிந்து பஸ்கள் நின்று நின்று போயின. அப்படி ஒரு காலையில் அந்தப் பெண் அழைத்தார்.

"மறுபடி வந்துருச்சுங்க சார்."

எவ்வளவு பெரிது என்று கேட்டேன். பெரிதில்லை, தலைமுடி அளவுதான் என்றார். அவர் தொலைபேசியில் படம் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் விழவில்லை. கணக்கப்பிள்ளையைக் கூட்டிவந்து காட்டினால், கண்ணாடி போடாத தன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. இந்த முறை கட்டிலை வெளியே போட முடியவில்லை, இஸ்தோப்பு முழுக்க ஈரம். விறகும் மா மூட்டையும் துணிகளும் காம்பராவுக்குள்ளேயே குவிந்திருந்தன. அலுமாரியை நகர்த்த இடமில்லை. கோடு இருந்தது அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே முக்காலியின் ஒரு கால்கூடப் போகாது. கட்டில்மேல் முழங்கால் ஊன்றி, ஒரு கையால் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கெமராவை உள்ளே நீட்டினால்தான் உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டுகிற பேச்சுக்கே இடமில்லை.

ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் வெள்ளைத் தாளாக வந்தது, கோடு மறைந்துவிட்டது. பின் ஜன்னலில் இருந்து சுவரை உரசியபடி வந்த சாய்ந்த வெளிச்சத்தில்தான் அது தெரிந்தது. லென்ஸின் வாயை அகலத் திறந்தால் கோட்டின் ஒரு விரற்கடை மட்டும் கூராக இருந்தது, மீதி மங்கியது. வாயைச் சுருக்கினால் முழுக்கோடும் வரும், ஆனால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும். பண்டாரவளைக் கடையில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த இடுக்கில் கிடைத்தது. அகலமான வாய் இருக்கும்போது ஸ்டெபிலைசர் எதற்கு என்றால், வாயைச் சுருக்கியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு.

பொத்தானைப் போட்டுச் சில படங்கள் எடுத்தேன். அணைத்துச் சில எடுத்தேன். அந்தப் பெண் பின்னால் நின்று கட்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் திரையில் விரித்துப் பார்த்தபோது, அணைத்து எடுத்தவற்றில் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தது. அலுமாரியின் ஓரம்கூட இழுபட்டிருந்தது. போட்டு எடுத்தவற்றில் இரண்டு தேறவில்லை. மற்றொன்றில் சுண்ணாம்பு அடித்த மட்டையின் ஒவ்வொரு தீற்றலும் தெரிந்தது. அந்தத் தீற்றல்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கோடு ஏறியது. அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு தீற்றலுக்கு அடியில் இல்லை, மேலாக அறுத்திருந்தது. அப்படியென்றால் சுண்ணாம்பு காய்ந்த பிறகு வந்தது. தீபாவளிக்குப் பிறகு அந்தச் சுவர் அசைந்திருக்கிறது. அலவாங்கால் தலைமுடி அளவுக்குக் கோடு போட யாராலும் முடியாது. வெள்ளையடித்து அவர்கள் கெடுத்தார்கள் என்று நான் நினைத்த சாட்சியை, அந்த வெள்ளையே திருப்பித் தந்திருந்தது.

இரண்டு வகைப் படங்களையும் அதிகாரிக்கு அனுப்பினேன். எது எப்படி எடுத்தது, முதல் படத்தில் இரண்டு விளிம்பு எப்படி வந்தது என்பதையும் எழுதினேன். வீதி திறந்ததும் அவர் வந்தார். டோர்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், வெளியே போய் மேட்டில் ஏறித் தேயிலைக்குள்ளும் பார்த்தார். திரும்பி வந்து காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"நல்ல படம் மட்டும் அனுப்பியிருந்தா நான் வந்திருக்க மாட்டன். நடுங்கின படத்தையும் அனுப்பினபடியாத்தான் மற்றதை நம்பினனான்."

அன்றே குடும்பம் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றப்பட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. அதன் பின்பக்கத்து அறையொன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கதை அதோடு முடியவில்லை. சுவர் விழவில்லை. விழாத ஒவ்வொரு வாரமும் அவருக்கு எதிரான சாட்சியாகிக்கொண்டு வந்தது. வெடிப்பு மெல்ல அகன்று விரல் நுழையுமளவு ஆனது. அகன்றதும் மறுபடி அலவாங்குப் பேச்சு தொடங்கியது. கோடாக இருந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை என்றவர்களே, இப்போது இவ்வளவு பெரிது தானாக வருமா என்று கேட்டார்கள். காலியான காம்பராவைத் தங்களுக்குத் தரும்படி புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் பார்வையில் அது நல்ல காம்பரா, புதிதாகச் சுண்ணாம்பும் அடித்தது.

அந்தப் பெண் ஒருநாள் மச்சானின் கடைக்கு வந்தபோது என்னிடம் கேட்டார். "அது விழுந்துட்டா நல்லாருக்கும்னு தோணுதுங்க சார். அப்புடி நெனைக்கிறது பாவந்தானே?"

அவர் மேலும் ஒன்று கேட்டார். அந்தத் தலைமுடிக்கோடு தெரிந்த படத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். என்ன செய்யப்போகிறார் என்று கேட்கவில்லை. தொலைபேசியில் வைத்துக் காட்டினால் யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அதிகாரி கேட்டதற்காக நான் இடைக்கிடை போய் அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பி வந்தேன். பொங்கல் கழிந்து ஒருமுறை போனபோது கணக்கப்பிள்ளையும் கூட வந்தார். புதுச்சோடிக்கு அறையைக் கொடுப்பதா என்று அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் பூட்டின் திறப்போடு முன்னால் போனார். அலுமாரி அகற்றப்பட்ட சுவரில், கோதுமை மாவுப் பசை போட்டு அந்தப் படத்தை ஒட்டியிருந்தார். வருகிறவர்கள் முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று. வெடிப்பின் மேல்நுனிக்கு மேலே, சுவர் நன்றாக இருந்த இடம் பார்த்து ஒட்டினாராம்.

வெடிப்பு அந்த இடத்துக்கும் ஏறியிருந்தது. படம் கீழிருந்து பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. கிழிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து நின்றது.

அந்தப் பெண் இதை அதுவரை பார்த்திருக்கவில்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. கணக்கப்பிள்ளை முன்னால் போய்க் கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். கத்தி பட்ட வெட்டா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஓரம் நார் நாராக இருந்தது, இழுபட்ட கடதாசி. அவர் மேலே பார்த்தார். கூரை மரம் சுவரில் உட்காரும் இடத்தையும் பார்த்தார். பிறகு வெளியே வந்து, லயத்தில் இரண்டு பக்கத்துக் காம்பராக்களின் கதவுகளையும் பார்த்தபடி நின்றார். ஒன்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மற்றதில் யாரோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பசங்களுக்கு இது குடுக்கேலாது" என்றார். "இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டு காம்பராவும் இன்னிக்கே காலி பண்ணணும். நான் தொரகிட்ட பேசுறேன்."

அந்தப் பெண்ணிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலகம் இருக்கும் திசையில், வெயிலுக்குக் குடையை விரிக்காமலே இறங்கிப் போனார்.

நானும் புறப்பட்டேன். அந்தப் பெண் கதவைப் பூட்டாமல் நின்றார்.

"இதயும் ஒரு படம் புடிச்சிருங்க சார்" என்றார். "பொறவு கடதாசிய நாந்தான் கிழிச்சேன்னு சொல்வாங்க."

திரும்ப உள்ளே போனேன். முக்காலி கொண்டுவரவில்லை. பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். போட்டு ஒன்றும், அணைத்து ஒன்றும் எடுத்தேன்.